நோலுமிரைக்குப் பெயர் வந்த விதம்

இயக்கர் நாட்டில் பெயரில்லாத இடத்தில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. நெருப்பு வந்து இறங்கியதும் "இது எந்த ஊர்?" என்று கேட்குமாம். பதில் சொல்ல முடியாவிட்டால் கோபித்துக்கொண்டு கூரைமேல் ஏறிவிடுமாம். நீண்ட காதுகொண்ட அந்த மலை மக்கள் மற்ற எதை மறந்தாலும் இதை மறப்பதில்லை.

ஆகையால் அங்கே ஊருக்குப் பெயர் வைப்பது ஒரு தொழில். பெயர்க்காரர் என்றால் நல்ல மதிப்பு. அவர்களுடைய மொழி நமக்குப் புரியாது. ஊர்ப் பெயர்களை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை நம் பேச்சில் சொல்கிறேன்.

தொவிலன் அந்தத் தொழிலைக் கற்க வந்தபோது அவன் தலை பாதி நரைத்திருந்தது. குரு இலூனைக்கு ஒரு நரைகூடக் கிடையாது. அவன் அவரை "அம்மா" என்பான். அவர் அவனை "அண்ணே" என்பார். பார்க்கிறவர்களுக்கு யார் குரு, யார் சீடன் என்று கொஞ்ச நேரம் குழப்பமாக இருக்கும்.

அதற்கு முன் அவன் சீப்பு செதுக்கி ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்தான். ஒரு நாள் ஒரு மலையைக் கடக்கும்போது பாட்டு கேட்டது. களை பிடுங்குகிறவர்கள் பாடினார்கள். அவர்கள் நிறுத்தியதும் தண்ணீர் எடுக்கிறவர்கள் தொடர்ந்தார்கள். அவர்களும் ஓய்ந்ததும் எங்கோ ஒரு வீட்டுக்குள்ளிருந்து யாரோ எடுத்துக்கொண்டார்கள். தொவிலன் சீப்பு மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நின்றான்.

"இது என்ன ஊருங்க?"

"வெனலீரை" என்றார்கள்.

வென என்றால் ஓயாத. லீரை என்றால் பாட்டு. இப்படியொரு பெயரைத் தானும் ஒரு ஊருக்கு வைத்துவிட்டுச் செத்தால் போதும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. பெயர் வைத்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டு நேராக இலூனையிடம் வந்து சேர்ந்தான். சீப்பு மூட்டை என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது.

வந்த அன்றே கேட்டான். "வெனலீரைக்கு அந்தப் பேர் எப்படிம்மா வந்துச்சு?"

"பள்ளிக்கூடத்துல என்ன சொல்றாங்க?"

"ஆதியில வானத்துலேருந்து எறங்கின பாட்டு, திரும்பிப் போக மனசில்லாம அங்கேயே தங்கிடுச்சுன்னு சொல்றாங்க."

"நல்லாத்தானே இருக்கு."

"நீங்கதானே வச்சீங்க? உங்க வாயால கேக்கணும்."

"நீங்க ஒரு ஊருக்குப் பேர் வச்சுட்டு வாங்க அண்ணே. அப்புறம் சொல்றேன்."

வருடங்கள் போயின. நாட்டிலுள்ள எல்லா ஊர்ப் பெயர்களும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும், எது மலைக்கு ஆகும், எது ஆற்றங்கரைக்கு ஆகும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வான். ஆனால் அவனாக ஒரு பெயர் வைக்க வாய்க்கவில்லை. புதிதாக ஊர் பிறந்தால்தானே?

ஒரு மழைக்காலத்தில் வடக்கே மலை சரிந்தது. ஒரு ஊரையே மண் மூடிவிட்டது. தப்பியவர்களை ஒசிலை என்ற பெண் அழைத்துக்கொண்டு இறங்கினாள். அவளுடைய புருஷன் மண்ணுக்குள்ளேயே போய்விட்டான். அழக்கூட நேரமில்லாமல், நிறைமாதமாக இருந்த மகள் மியேலையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஓடைக்கரையில் ஒரு சரிவைப் பார்த்து எல்லோரும் குடிசை போட்டார்கள். பழைய பெயரைப் பழைய ஊரோடு விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். புது இடத்துக்குப் பெயர் இல்லை. அடுப்பும் இல்லை. ஊறவைத்த அவலும், தூக்கிக்கொண்டு வந்த தேனும்தான் சாப்பாடு.

பெயர்க்காரரை அனுப்பச் சொல்லி ஆள் வந்தது.

"நீங்க போங்க அண்ணே. நானும் கூட வர்றேன், சும்மா" என்றார் இலூனை.

தொவிலனுக்குத் தலைகால் புரியவில்லை. வழியெல்லாம் பெயர் கட்டிக்கொண்டே நடந்தான். ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே பெயர் தயார். ஈதிலுவானசேரை. விடியல் தன் வெள்ளிப் பாதத்தை முதலில் பதிக்கும் சரிவு.

"அந்தச் சரிவு மேற்கே பாத்து இருந்தா?" என்றார் இலூனை.

அவன் காதில் விழவில்லை.

பெயர் மேலேயிருந்துதான் வரும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதனால் பெயர்க்காரர் ஒரு ஊரின் எல்லைக்குள் நுழையும்போது முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டே நடக்க வேண்டும். கீழே பார்த்துவிட்டால் வருகிற பெயர் வேறு ஊருக்குப் போய்விடும். தொவிலன் பாடத்தில் ஓர் எழுத்து பிசகாதவன். அண்ணாந்துகொண்டே சரிவில் இறங்கினான்.

ஊரே வரிசையாக நின்றது. வருகிறவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று ஒசிலை இருந்த தேன் முழுவதையும் ஒரு மரத்தொட்டியில் ஊற்றி, அவல் கலந்து, நடுவில் வைத்திருந்தாள்.

"பாத்து வாங்க" என்று யாரோ சொன்னார்கள்.

பெயர்க்காரரைப் பார்த்து நடக்கச் சொல்வது முறையில்லை என்று இன்னொருவர் அவர் வாயைப் பொத்தினார்.

தொவிலனுடைய வலது கால் முழங்கால்வரை தொட்டிக்குள் போனது. அதை எடுக்கப் போய் இடது காலும் உள்ளே போனது.

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. கடைசித் தேன் அது. குழந்தைகள்கூடத் தொட்டியைப் பார்த்தார்களே தவிர வாய் திறக்கவில்லை. தொவிலன் அப்போதும் முகத்தை வானத்திலிருந்து இறக்காமல் நின்றான். என்ன ஒரு சிரத்தை!

முதலில் சிரித்தது மியேலைதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்று சிரித்தாள். "ஏய், சும்மா இருடி" என்று அதட்டிய ஒசிலைக்கும் பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் யாரையும் பிடிக்க முடியவில்லை. நரைத்த கிழவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள்.

பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று தொவிலன் வேண்டிக்கொண்டான். அந்த மக்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அதை வேண்டக் கூடாது என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

இலூனை மட்டும் சிரிக்கவில்லை. "ஓடை அந்தப் பக்கம் இருக்கு அண்ணே. காலைக் கழுவிக்கிட்டு வாங்க" என்றார்.

வைத்த பெயர் ஒட்டுகிறதா என்று பார்க்க அங்கே ஒரு முறை உண்டு. பெயர்க்காரர் ஓடைக்கு அக்கரையில் ஏறி நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஊரில் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தங்களை அறியாமல் திரும்பிவிட்டால் பெயர் ஒட்டிக்கொண்டது. திரும்பாவிட்டால் வேறு பெயர் தேட வேண்டியதுதான்.

சாயங்காலம் தொவிலன் அக்கரையில் ஏறினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ஈதிலுவானசேரை!" என்று கூப்பிட்டான்.

ஒருவரும் திரும்பவில்லை. ஒரு நாய் மட்டும் காதை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

ஒசிலை நல்லவள். ஓடைவரை இறங்கிவந்து சொன்னாள். "பேரு ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா பிள்ளைங்களை அந்தப் பேரைச் சொல்லி ஊருக்கு வரச் சொன்னா, சொல்லி முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்."

அடுத்த நாள் வேறு பெயர். அதற்கடுத்த நாள் இன்னொன்று. ஒன்றில் நிலா வந்தது, ஒன்றில் மயில் வந்தது. ஒன்றைவிட ஒன்று அழகு. ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு ஊர் தன் வேலையைப் பார்த்தது.

இதற்குள் மேகம் திரண்டுகொண்டிருந்தது. குளிரில் குழந்தைகள் இருமினார்கள். மியேலைக்கு இன்றோ நாளையோ என்று இருந்தது. பிறக்கிற குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்ட வேண்டும். வெந்நீருக்கு அடுப்பு வேண்டும். அடுப்புக்குப் பெயர் வேண்டும். தொவிலனுக்கு இது தெரியாமலில்லை. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. போதாக்குறைக்கு எத்தனை தடவை துவைத்தாலும் வேட்டியை எறும்பு விடவில்லை.

இன்னொன்றும் அவனை உறுத்தியது. அவன் பக்கத்தில் போனால் பேசிக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். தன்மேல் உள்ள மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

"அம்மா, பேரு எங்கேருந்துதான் வருது?" என்று ஓடைக்கரையில் கேட்டான்.

"எறும்பு போச்சா அண்ணே?"

"அம்மா!"

"மொதல்ல வேட்டியை அலசுங்க."

அவன் குனிந்து வேட்டியைக் கல்லில் கும்மினான். இலூனை எழுந்து கொஞ்ச தூரம் போனார். அங்கிருந்து, "ஈதிலுவானசேரை!" என்று கூப்பிட்டார்.

தொவிலன் கும்மிக்கொண்டிருந்தான்.

மறுபடி கூப்பிட்டார். அவன் பிழிந்துகொண்டிருந்தான்.

"அண்ணே!"

திரும்பினான். "கூப்பிட்டீங்களாம்மா?"

"உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். நீங்க கட்டின பேரு."

"தண்ணி சத்தத்துல கேக்கலை" என்றான் தொவிலன். சொல்லும்போதே அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அண்ணே" மட்டும் எப்படிக் கேட்டது என்று இலூனை கேட்டுவிடுவாரோ என்று பயந்தான். அவர் கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் காலையில் மியேலைக்கு இடுப்பு வலி கண்டது. தொவிலன் ஒரு பாறைமேல் கண்ணை மூடி உட்கார்ந்து, மழையையும் மல்லிகையையும் சேர்த்து ஏதோ கட்டிக்கொண்டிருந்தான். ஒசிலை குடிசையிலிருந்து வெளியே ஓடிவந்தாள். மருத்துவச்சி இருப்பது எதிர் மலையில். வாயைக் குவித்துக்கொண்டு கத்தினாள்.

"அக்கா! நோலுமிரைக்கு வாங்க! சீக்கிரம்!"

எதிர் மலையிலிருந்து பதில் வந்தது. "நோலுமிரைக்கா? இதோ வந்துட்டேன்!"

தொவிலன் கண்ணைத் திறந்தான்.

நோலு என்றால் தேன். மிரை என்றால் மிதித்தது. அகராதி பார்க்க வேண்டிய வேலையே இல்லை. தேன் மிதித்த இடம்.

எழுந்து ஒசிலையிடம் போனான். அவள் அவனைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எதிர் மலை வரைக்கும் தெரியுமா?" என்றான்.

"மன்னிச்சுக்கங்க. வேணும்னு வைக்கலை. தண்ணி எடுக்கப் போனவங்க, வெறகு பொறுக்கப் போனவங்க, எங்கே திரும்பி வரணும்னு சொல்லிக்க ஒரு பேச்சு வேணுமில்லையா... அன்னைக்கே வாயில வந்துடுச்சு. உங்களுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்னுதான் உங்க முன்னாடி சொல்றதில்லை."

"என்னைக் கேலி பண்ணிச் சிரிச்சீங்க."

"ஆமாங்க, சிரிச்சோம்" என்றாள் ஒசிலை. பொய் சொல்ல அவளுக்கு நேரமில்லை. "மண்ணு சரிஞ்சதுக்கப்புறம் எங்க வீட்டுல யாரும் வாயைத் திறந்து சிரிச்சதில்லை. இனிமே சிரிக்கவே மாட்டோமோன்னு நெனச்சேன். எம்பொண்ணு அன்னைக்குச் சிரிச்சாளே, அப்பதாங்க இந்த எடத்துல இருந்துடலாம்னு எனக்கு தைரியம் வந்துச்சு."

உள்ளேயிருந்து மியேலை கத்தினாள். ஒசிலை ஓடிவிட்டாள்.

தொவிலனுக்கு அழுகை வந்தது. எதற்கு என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடப் படிப்பு. ஒரே ஒரு பெயர் வைக்கும் வாய்ப்பு. அதில் தன் மானம் போன கதையைத் தானே மலைமேல் ஏறிக் கூவ வேண்டும். நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்த இலூனையைப் பார்த்தான். அவர் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் என்ன செய்யட்டும்?"

"வேட்டி காஞ்சிடுச்சா அண்ணே?"

"காஞ்சிடுச்சு."

"அப்போ தண்ணில எறங்கினா திரும்ப நனைஞ்சிடும். மடிச்சுக் கட்டிக்கங்க."

தொவிலன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையைக் கடந்தான். இந்த முறை காலடியைப் பார்த்துப் பார்த்து நடந்தான். அக்கரையில் ஏறினான். ஒரு தடவை இருமிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு கூப்பிட்டான்.

"நோலுமிரை!"

கண்ணைத் திறந்து பார்த்தான். கூரை வேய்ந்துகொண்டிருந்தவன் ஓலையோடு திரும்பியிருந்தான். அடுப்புக்குக் கல் அடுக்கியவர்கள் திரும்பியிருந்தார்கள். கிழவர்கள், பிள்ளைகள், நாய், குடிசை வாசலில் ஒசிலை, எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கணம் ஊரே அடுப்பை நோக்கி ஓடியது. காய்ந்த விறகைக் கூரைக்கடியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. முதல் புகை எழும்பியபோது, அடுப்பு மூட்டிய பெண் நெருப்பிடம் குனிந்து, "நோலுமிரை, நோலுமிரை" என்று சொன்னாள். நெருப்பு சமர்த்தாகக் கல்லுக்குள்ளேயே எரிந்தது.

மருத்துவச்சி வந்து சேர்ந்தபோது தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மழை விழத் தொடங்கியபோது குழந்தை வெந்நீரில் குளித்துவிட்டு அழுதுகொண்டிருந்தது. பெண் குழந்தை. ஒசிலை அதை வெளியே கொண்டுவந்து முதலில் தொவிலன் கையில்தான் கொடுத்தாள். "உங்க ஊர்ப் பிள்ளைங்க" என்றாள். அவன் குழந்தையை வாங்கும் முன் தன் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டான். எறும்பு இருந்துவிடுமோ என்ற பயம் அவனுக்கு இன்னும் போகவில்லை.

மழை விட்டபின் குருவும் சீடனும் கிளம்பினார்கள். வயிறு நிறையச் சுடுசோறு சாப்பிட்டிருந்தார்கள். தொவிலன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் நின்றான்.

"ஒரு பேர் வச்சுட்டேன் அம்மா."

"வச்சுட்டீங்க."

"வெனலீரை?"

இலூனை பெருமூச்சு விட்டார். "சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"மாட்டேன்."

"அப்போ எனக்குச் சின்ன வயசு. தனியாப் போனேன். அந்தக் காட்டுல சிறுத்தை உண்டுன்னு யாரோ சொல்லிட்டாங்க. சத்தம் கேட்டா சிறுத்தை கிட்ட வராதுன்னு வேற சொல்லிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பாட்டு. அதையே விடிய விடியக் கத்திப் பாடினேன். மறுநாளும் பாடினேன். என் குரல் எப்படீன்னு உங்களுக்குத் தெரியும்."

தொவிலனுக்கு நன்றாகத் தெரியும். அவர் குளிக்கும்போது பாடினால் அவன் விறகு வெட்டப் போய்விடுவான்.

"ஊர்ல ஒருத்தரும் தூங்கலை. 'பாட்டு ஓயாத எடம், பாட்டு ஓயாத எடம்'னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. அதையே அக்கரையில நின்னு கூப்பிட்டேன். எல்லாரும் திரும்பிட்டாங்க."

தொவிலன் சிரிக்கத் தொடங்கினான். வழியிலேயே உட்கார்ந்து சிரித்தான். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது.

"ஆனா நான் கேட்டேனே அம்மா. சீப்பு விக்கப் போனப்போ இந்தக் காதால கேட்டேன். ஒருத்தர் நிறுத்தினா இன்னொருத்தர் பாடினாங்க. அது பொய்யா?"

"பொய்யா? அந்தப் பாட்டுக்காகத்தானே மூட்டையைப் போட்டுட்டு வந்தீங்க. பேரைக் கேட்டுட்டு வெளியூர் ஆளுங்க, 'எங்கே உங்க பாட்டு?'ன்னு வந்து நிக்க ஆரம்பிச்சாங்க. இவங்களுக்கு ஒரு பாட்டும் தெரியாது. வெக்கமாப் போச்சு. கத்துக்கிட்டாங்க."

தொவிலன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். திரும்பி, மரங்களுக்கு மேலே நோலுமிரையின் புகையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு கவலை வந்து உட்கார்ந்தது.

"நம்ம ஊருக்கும் ஆளு வருவாங்களே அம்மா. காலை வச்சா தேன் தட்டுப்படுற ஊருன்னு நெனச்சுக்கிட்டு வருவாங்க. அங்கே ஒரு சொட்டு தேன் கிடையாது. இருந்ததையும் நான் மிதிச்சுக் கெடுத்துட்டேன். வர்றவங்களுக்கு அவங்க எதைக் குடுப்பாங்க?"

இலூனை முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

"நீங்க சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்போ ஒசிலை பின்பக்கமாக் காட்டுக்குள்ள போனாளே, பாக்கலையா? தேனீ கூடு கட்ட எந்த மரம் தோதுன்னு பாக்கப் போயிருக்கா."